பெட்டை நாய் சினைதானா? முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு நாள்கணக்கு

சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்றைக் கடுவனோடு சேர்த்து நாற்பது நாள் ஆகிறது. வயிறு ஒட்டியேதான் கிடக்கிறது. காம்புகள் மட்டும் சற்றுத் தடித்தமாதிரி தெரிகின்றன. காலையில் கஞ்சியை முகர்ந்துவிட்டு விலகிப்போனது. மாலையில் வட்டிலையே நக்கித் துடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் "நிச்சயம் சினைதான்" என்கிறார். நாய் கொடுத்தவர் "பிடித்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்குமே" என்கிறார். இருவருமே பல வருடம் நாய் வளர்த்தவர்கள். யார் சொல்வதை நம்புவது?

இருவர் சொல்வதையும் நம்ப வேண்டாம். நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் செவலை முதல் முறை பால் சுரந்தது, கொல்லையில் குழி தோண்டியது, பழைய துணியை எல்லாம் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தது. 66ஆம் நாள் ஸ்கேன் எடுத்தபோது கருப்பையில் ஒன்றுமில்லை. அடுத்த பருவத்தில் வயிறே தெரியவில்லை என்பதால் இந்த முறையும் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு மார்கழி இரவில் வெறும் சிமெண்டுத் தரையில் இரண்டு குட்டி போட்டது. விடியும்போது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. இறந்த குட்டியைக் குளிர்தான் கொன்றது, நாள் எண்ணாமல் இருந்த என் அலட்சியம்தான் கொன்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிவது ஏன் ஏமாற்றுகிறது

மாடு வளர்த்த வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. காளைக்குச் சேர்த்த மாடு 21 நாளில் மறுபடியும் பருவத்துக்கு வரவில்லை என்றால் சினை பிடித்திருக்கிறது என்று எண்ணத் தொடங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் நாயையும் பார்க்கிறோம். நாயின் உடம்பு அப்படி நடப்பதில்லை. சினைமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுமார் இரண்டு மாதம் நாயின் உடம்பில் உயர்ந்தே இருக்கும். கரு தங்கினாலும் இருக்கும், தங்காவிட்டாலும் இருக்கும். காம்பு தடிப்பது, மடி இறங்குவது, மந்தமாகப் படுத்துக்கிடப்பது எல்லாம் இந்த மாற்றங்களை ஒட்டி வருகிறவை. சினை இல்லாத நாயிடமும் இவை வரும். மறுபருவமோ ஏறக்குறைய ஆறேழு மாதம் கழித்துத்தான். ஆகவே பருவம் திரும்பவில்லை என்பதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.

மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையை நாயின் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டை தேடும் ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதே இல்லை. ஒற்றைக் கோடுதான் வரும். அதைச் சினையில்லை என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறு.

முதல் படி: நாளைக் குறியுங்கள்

இணை சேர்ந்த நாளை அன்றைக்கே காலண்டரில் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை சேர்ந்திருந்தால் முதல் நாள், கடைசி நாள் இரண்டும் வேண்டும். பருவத்தின் முதல் ரத்தத்துளியைப் பார்த்த நாள் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

நாயின் சினைக்காலம் 63 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சினைமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால்தான் சரி. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள்வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி போடலாம். இதற்குக் காரணம் இரண்டு. கடுவனின் விந்தணு பெட்டையின் உடம்புக்குள் ஐந்தாறு நாள்கூட உயிரோடு இருக்கும். நாயின் சினைமுட்டையோ வெளியான உடனே கருவுறத் தயாராக இருப்பதில்லை. முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே இணை சேர்ந்த நாளும் கரு உருவான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 3ஆம் தேதி முதல் முறையும் 5ஆம் தேதி கடைசி முறையும் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதியிலிருந்து 57 நாள் எண்ணினால் மார்ச் 1. 5ஆம் தேதியிலிருந்து 72 நாள் எண்ணினால் மார்ச் 18. (பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டு.) இந்தப் பதினெட்டு நாளும் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டிய நாட்கள். ஊர்த் திருவிழாவோ கல்யாணமோ இதற்குள் வந்தால், நாயோடு இருக்க ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

"லாக் ஆகவில்லை, அதனால் பிடித்திருக்காது" என்று பலர் சொல்வார்கள். கடுவனும் பெட்டையும் பின்புறம் ஒட்டியபடி பத்து இருபது நிமிடம் நிற்பதைத்தான் லாக் என்கிறோம். அது இருந்தால் வாய்ப்பு அதிகம். அது இல்லாமலும் சினை பிடிக்கும். நாய் அரை மணி நேரம் காணாமல்போய்த் திரும்பி வந்திருந்தால், அன்றைய தேதியையும் எழுதுங்கள்.

இரண்டாவது படி: பருவம் அடங்கும்வரை வெளியே விடாதீர்கள்

ரத்தம் நின்றதும் பருவம் முடிந்தது என்று சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம். உண்மையில் ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு மாறும்போதுதான் பெட்டை கடுவனை ஏற்றுக்கொள்ளும். நீங்கள் விரும்பிய கடுவனோடு சேர்த்த பிறகும் பெட்டை இன்னும் சில நாள் தெருநாய்க்கும் இணங்கும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் சாதாரணம். வேறு நாயோடும் சேர்ந்தால் உங்கள் நாள்கணக்கும் குலையும்.

மூன்றாவது படி: முதல் நான்கு வாரம் காத்திருங்கள்

கரு உருவானாலும் கருப்பைச் சுவரில் ஒட்டவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. அதுவரை எந்தச் சோதனையும் எதையும் காட்டாது. பத்தாம் நாளே மருத்துவரிடம் கொண்டுபோய் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இந்த நாட்களில் எனக்கு உதவும் ஒரு விதி இதுதான்: உறுதியாகத் தெரியும்வரை மருந்து விஷயத்தில் நாயைச் சினை என்று வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு விஷயத்தில் சினை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து என்றால் குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்தி. உண்ணிக் காய்ச்சலுக்கு நம் ஊரில் வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவை வயிற்றில் இருக்கும் குட்டிகளுக்குக் கேடு செய்யக்கூடியவை. வேறு நோய்க்காகப் போனாலும் "இணை சேர்த்து இத்தனை நாள் ஆகிறது" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே போதும். இரண்டு பங்கு கறியும் முட்டையும் போட்டால் நாய்தான் கொழுக்கும். அந்தக் கொழுப்பைப் பார்த்து வயிறு இறங்கிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். கொழுத்த நாய் குட்டி போடத் திணறும்.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்தால் போதும். காலையில், வெறும் வயிற்றில், ஒரே கிழமையில் பாருங்கள். சினையாக இருந்தால் ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு எடை நிற்காமல் ஏறும். எடை மட்டும் சாட்சியாகாது. ஆனால் மருத்துவரிடம் காட்ட அந்தத் தாள் நல்ல துணை.

நான்காம் வாரத்தை ஒட்டி ஓரிரு நாள் சாப்பாட்டில் விருப்பம் குறையலாம். காம்புகள் சிவந்து நிமிரலாம். பிறப்புறுப்பில் நிறமற்ற, கொழகொழப்பான கசிவு சிறிது தெரியலாம். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிவு கட்டாதீர்கள். ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதற்குத் தோலும் மூக்குமே இளஞ்சிவப்பு. காம்பு சிவந்ததா என்பதை அதனிடம் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். பருவம் வருவதற்கு முன்பே காம்புகளை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஆழ்ந்த நெஞ்சும் ஒட்டிய இடுப்பும் கொண்ட நாய்களில், அதுவும் தலையீற்றில் குட்டி குறைவாக இருந்தால், வயிறு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். என் செவலை விஷயத்தில் நடந்தது இதுதான்.

நான்காவது படி: 28ஆம் நாள் ஸ்கேன்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குச் செலவழியுங்கள். கடைசியாக இணை சேர்ந்த நாளிலிருந்து 28 முதல் 35 நாளுக்குள் வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் கருக்களை மட்டுமல்ல, துடிக்கும் இதயங்களையும் திரையில் பார்க்கலாம். குட்டிகள் இருக்கின்றனவா, உயிரோடு இருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்துவிடும். மேலே சொன்ன கணக்கில் அது பிப்ரவரி 2ஆம் தேதி முதல்.

எத்தனை குட்டி என்று மட்டும் ஸ்கேனில் கேட்காதீர்கள். சுருண்டு கிடக்கும் கருப்பையில் ஒரே குட்டியை இரண்டு முறை எண்ணவும் முடியும், ஒன்றை விட்டுவிடவும் முடியும்.

28ஆம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அங்கேயே முடித்துவிடாதீர்கள். கரு தாமதமாக உருவாகியிருக்கலாம். ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் வெறுமையாக இருந்தால் சினை இல்லை என்று நம்பலாம்.

சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போகலாம். அரசுக் கால்நடை மருந்தகங்கள் எல்லாவற்றிலும் ஸ்கேன் இருக்காது.

ஸ்கேன் கிடைக்காத ஊர்களில் அனுபவமுள்ள மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். இதற்கு ஏற்ற காலம் மிகக் குறுகியது, ஏறத்தாழ 24 முதல் 32 நாள்வரை. அப்போது கருக்கள் கோலிக்குண்டு கோத்த சரம்போலத் தனித்தனியாகக் கைக்கு அகப்படும். அதற்குப் பிறகு நீர் நிறைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அழுத்தம் சற்று மிஞ்சினாலும் கருவுக்கு ஆபத்து. மலக்குடலில் இருக்கும் கட்டியைக் குட்டி என்று நினைத்து மகிழ்ந்தவர்களும் உண்டு.

ரத்தத்தில் ரிலாக்ஸின் என்ற ஹார்மோனைப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. இது நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால் சினையான நாயிடம் மட்டுமே காணப்படும். நான்காம் வாரத்துக்கு முன்னால் எடுத்தால் 'இல்லை' என்று தவறாகக் காட்டும். புரோஜெஸ்டிரான் சோதனையைச் சினை பார்க்கவென்று யாராவது எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். அது இணை சேர்க்க ஏற்ற நாளைக் கண்டுபிடிக்க அருமையான சோதனை. சினையை அறிய உதவாது.

எக்ஸ்ரே கடைசியில்தான். குட்டியின் எலும்பில் சுண்ணாம்பு ஏறியபின், அதாவது 45 நாளுக்குப் பிறகே, படத்தில் தெரியும். எண்ணுவதற்கு 55ஆம் நாளை ஒட்டி எடுப்பது நல்லது. நம் கணக்கில் பிப்ரவரி 28 வாக்கில். மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியே எண்ணிச் சரிபார்ப்பார்கள். இந்த எண் உங்களுக்கு மிகவும் தேவை. ஐந்து குட்டி என்று தெரிந்திருந்தால், நான்கோடு நின்றுவிட்ட இரவில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகமாட்டீர்கள்.

ஸ்கேனில் குட்டி தெரிந்து, பிறகு வயிறு வற்றிப்போவதும் உண்டு. இளங்கருக்கள் இறந்தால் பெரும்பாலும் வெளியே வராமல் உடம்பிலேயே கரைந்துவிடும். மருத்துவர் பொய் சொன்னார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் 45 நாளுக்கு மேல் கரு கலைந்து வெளியே விழுந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். புரூசெல்லா என்ற கிருமி இதற்குக் காரணமாக இருக்கலாம். அது மனிதர்களுக்கும் தொற்றும். விழுந்ததைப் பையில் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

சினை இல்லை, ஆனால் பால் வருகிறது

இது பொய்ச்சினை. பருவம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் வரும். நோய் அல்ல; நாய் நடிக்கவும் இல்லை. புரோஜெஸ்டிரான் இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏறுவதால், உடம்பு தாய்மைக்குத் தயாராகிவிடுகிறது. செருப்பையோ பொம்மையையோ குட்டிபோல அணைத்துக்கொண்டு படுக்கும், பக்கத்தில் போனால் உறுமும். பரிதாபப்பட்டுப் பாலைப் பீய்ச்சிவிடாதீர்கள். பீய்ச்சப் பீய்ச்ச ஊறும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். கூடுதலாக நடக்கவைத்து, கவனத்தைத் திருப்பினால் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். மடி கல்போல் இறுகிச் சூடாக இருந்தாலோ சீழ் வந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நிலை

பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள், சினையா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வருகிறது. வயிறு பெருக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது. மசக்கை என்று நினைத்துக்கொண்டே இருந்து நாயைப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, வாந்தி, காய்ச்சல், நாற்றமுள்ள சீழ்க் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள். கசிவே இல்லாமல் உள்ளுக்குள் சீழ் தேங்குவது இன்னும் ஆபத்தானது. ஸ்கேன் இதையும் காட்டிவிடும். 28ஆம் நாள் ஸ்கேனை நான் வற்புறுத்துவதற்கு இது பாதிக் காரணம்.

வேண்டாத நாயோடு சேர்ந்துவிட்டது என்றால் மனிதர்களுக்கான கருக்கலைப்பு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். "ஒரு ஊசியில் கலைந்துவிடும்" என்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் போடுவது இதே சீழ் நோயை வரவழைக்கும், எலும்பு மஜ்ஜையையும் கெடுக்கும். இனிமேல் குட்டியே வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை சிகிச்சைதான் தெளிவான வழி. எப்போது செய்வது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஐந்தாவது படி: சினை என்று உறுதியான பின்

ஆறாவது வாரத்திலிருந்து சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி வாரத்தில் வழக்கத்தைவிட ஒன்றரைப் பங்குவரை போகலாம். வயிற்றில் இடம் குறைவதால் ஒரே வேளையாக வைக்காமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். கம்பங்கஞ்சியும் சோறும் மட்டும் போதாது. முட்டை, கறி, மீன், அல்லது குட்டி நாய்களுக்கான தீவனம் வேண்டும். குடற்புழு மருந்து எது, எந்த நாளில் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்; புழுக்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும்.

கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். சினை என்றதும் எல்லா வீட்டிலும் முதலில் வாங்குவது அதைத்தான். வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு தளர்த்திவிடும். குட்டி போட்டுப் பால் பெருகும் வாரங்களில் திடீரெனச் சுண்ணாம்புச் சத்து வீழ்ந்து நாய்க்கு நடுக்கமும் விறைப்பும் வலிப்பும் வரும். அப்படி நடுங்கத் தொடங்கினால் இரவென்றும் பாராமல் மருத்துவரைத் தேட வேண்டும்.

50ஆம் நாளிலேயே ஈற்றுப் பெட்டியை வைத்துவிடுங்கள். நாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு மரப்பெட்டி, அடியில் சாக்கு, மேலே துவைத்த பழைய பருத்திப் புடவை. காற்று அடிக்காத மூலையில், வீட்டார் நடமாட்டம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. தரைக் குளிர் ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

57ஆம் நாளிலிருந்து காலை மாலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். அது 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். அப்போது மருத்துவரின் எண்ணைக் கைபேசியில் மேலே எடுத்து வையுங்கள், ஆட்டோவுக்கும் சொல்லி வையுங்கள். முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்னாலேயே கரும்பச்சையாகக் கசிகிறது, உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை: இந்த மூன்றில் எது நடந்தாலும் புறப்பட்டுவிடுங்கள்.

கடைசி இணைசேர்ப்பிலிருந்து 70 நாள் கடந்தும் ஒரு குட்டியும் வரவில்லை என்றால், நாய் எவ்வளவு உற்சாகமாக ஓடினாலும் அழைத்துப் போங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் எடை எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதுதான்.